சென்கூ எப்போது ஈரமற்றவனாக இருந்தான்? – அனிமே விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விமர்சகர்களே,

வணக்கம். 'டாக்டர் ஸ்டோன்' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் நாயகன் இஷிகாமி சென்கூவைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசித்து வருகிறேன். எழுதுபவர் மாறினாலும் சொல்லப்படும் கதை மட்டும் மாறுவதே இல்லை. தொடக்கத்தில் அவன் கணக்குப் போடும் இயந்திரம். மனிதர்களை வேலையாட்களாக மட்டுமே பார்த்தான். கிராமத்து மக்களோடு பழகப் பழக மனம் இளகினான். கடைசியில் கருணையுள்ள தலைவனாக உயர்ந்தான். இதைத்தான் 'பாத்திர வளர்ச்சி' என்று பாராட்டுகிறீர்கள்.

இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. சென்கூவிடம் கருணை வளரவில்லை என்பதே என் கட்சி. வளர வேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை. முதல் அத்தியாயத்திலேயே அது முழு வளர்ச்சியோடு இருந்தது. அவன் பேசுகிற மொழி உங்களுக்குப் பழகுவதற்கு நாளாயிற்று, அவ்வளவுதான். மாற்றம் பார்த்தவர்களிடம் நடந்தது. அதை எடுத்து அவன் கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

தொடரை இன்னும் முடிக்காதவர்கள் இதைத் தள்ளி வைத்துவிடுவது நல்லது. கதையின் முக்கியமான திருப்பங்களைச் சொல்லாமல் இதைப் பேச வழியில்லை.

இனாகாகி ரிச்சிரோ எழுத, போய்ச்சி வரைந்த இந்த மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை), 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் 2017 முதல் 2022 வரை வந்தது. அனிமே 2019 ஜூலையில் தொடங்கியது. கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு நாள் பச்சை ஒளி ஒன்று பூமியைச் சூழ்கிறது. மனிதர்கள் எல்லோரும் கல்லாகிறார்கள். ஏறத்தாழ 3,700 ஆண்டுகள் கழித்து ஒரு பள்ளி மாணவன் விழிக்கிறான். கல்லுக்குள் இருந்த காலம் முழுவதும் நொடிகளை எண்ணிக்கொண்டே இருந்தவன் அவன். குளிர்காலத்தில் விழித்தால் பிழைக்க முடியாது, வசந்தத்தில் விழிக்க வேண்டும் என்பதற்காக எண்ணினான். 5738ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி என்று மரத்தில் செதுக்கி வைக்கிறான். பேச ஆளில்லாத காட்டில் கல்லைத் தீட்டிக் கருவி செய்கிறான், தீ மூட்டுகிறான், தன் நண்பன் தைஜூ விழிப்பதற்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறான்.

தைஜூ விழித்ததும் சென்கூ சொல்லும் காரணம் உங்களுக்கு நினைவிருக்கும். உடல் வலுவுள்ள ஆள் வேண்டும். தன்னால் பாரம் தூக்க முடியாது. இந்த வசனத்தை எடுத்துக்காட்டி, பாருங்கள், நண்பனைக்கூடப் பயன்பாட்டுக்காகத்தான் எழுப்பினான் என்கிறீர்கள். அதே முதல் அத்தியாயத்தில், உலகம் கல்லாவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு நடந்ததை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

தைஜூ தன் மனத்தில் இருப்பதை, தான் காதலிக்கும் யுஸுரிஹாவிடம் சொல்லப் புறப்படுகிறான். சென்கூ ஒரு குப்பியை நீட்டுகிறான். குடித்தால் அவளைக் கட்டாயம் கவரலாம், காதல் மருந்து என்கிறான். அப்படி ஏமாற்றிக் காதலைப் பெற மாட்டேன் என்று தைஜூ அதைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டுப் போகிறான். குப்பியில் இருந்தது பிளாஸ்டிக் மூடிகளை உருக்கி எடுத்த பெட்ரோல். தைஜூ அதைக் குடிக்க மாட்டான் என்று சென்கூவுக்குத் தெரியும். நண்பன் எப்படிப்பட்டவன் என்பதை இவ்வளவு துல்லியமாக அறிந்து வைத்திருப்பவனை, மனிதர்களைப் புரியாதவன் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? தைரியமாகப் போய்ச் சொல் என்று தோளில் தட்டுவதைவிட இது ஒரு படி மேல். நீ நேர்மையானவன் என்று தைஜூவுக்கே காட்டிவிட்டு அனுப்புகிறான்.

இது சின்ன விஷயம். பெரிய விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை ஒட்டுமொத்த விவாதமும் இங்கேயே முடிந்துவிடுகிறது.

சிங்கங்கள் துரத்தும்போது உயிர் பிழைக்க, கல்லாக இருந்த சுகாசாவை எழுப்புகிறார்கள். அவன் வலிமையும் கண்ணியமும் உள்ளவன். ஆனால் பழைய உலகத்தின் பெரியவர்கள் எழுந்தால் மண்ணும் கடலும் மறுபடி அவர்களுடைய சொத்தாகிவிடும் என்று அஞ்சுகிறான். சிறு வயதில் நோயாளித் தங்கைக்கு மாலை கோத்துத் தரக் கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கியதற்காக ஒருவனிடம் அடி வாங்கியவன் அவன். அந்தக் காயம் உண்மையானது. அதைச் சொல்லிக்கொண்டே ஒரு நடுவயதுக்காரரின் சிலையைக் கையால் அடித்து உடைக்கிறான். கல்லாக இருந்தாலும் அது ஓர் உயிர். அதை அறிந்தே உடைக்கிறான்.

உருக்கமாகப் பேசுகிறவன் சுகாசா. கண்ணில் துயரம் தெரிவதும் அவனுக்கே. ஏழையின் பக்கம் நிற்கிறேன் என்பதும் அவன்தான். சென்கூவோ எரிச்சலூட்டும் நிதானத்தோடு எண்ணிக்கையைப் பேசுகிறான்: எழுநூறு கோடிப் பேரையும் எழுப்ப வேண்டும், ஒருவரும் விடுபடக் கூடாது. இவர்கள் இருவரில் யாருடைய கருணை பெரியது? உருகிப் பேசுகிறவனின் இரக்கத்துக்கு வாசலில் காவல் இருக்கிறது. வயது பார்த்து, தகுதி பார்த்து உள்ளே விடுகிறது. கணக்குப் பேசுகிறவனின் இரக்கத்தில் கிழவர்களுக்கும் இடம் உண்டு, பேராசைக்காரர்களுக்கும் இடம் உண்டு, அவனுக்குப் பிடிக்காதவர்களுக்கும் இடம் உண்டு. இது தொடரின் மூன்றாவது, நான்காவது அத்தியாயங்களிலேயே நம் கண்முன் நடக்கிறது. அதைப் பார்த்த பிறகும் எதற்காக ஐம்பதாவது அத்தியாயம் வரை காத்திருந்து, இப்போதுதான் இவனுக்கு இரக்கம் வந்தது என்று எழுதுகிறீர்கள்?

ஹகோனே மலைப்பகுதியில் நடப்பதைப் பாருங்கள். சுகாசாவைத் தடுக்க வெடிமருந்து செய்யப் போன இடத்தில், தொலைவில் ஒரு புகை தெரிகிறது. வேறு மனிதர்கள் இருக்கிறார்கள்! பதிலுக்குப் புகை எழுப்பினால் சுகாசாவும் அதைப் பார்த்துவிடுவான். நடைமுறை மட்டுமே தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு நெருப்பை அணைத்திருப்பான். சென்கூ புகையை எழுப்புகிறான். முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு, இங்கே நாங்கள் இருக்கிறோம் என்று சொல்வதற்காகத் தன் தலையைப் பணயம் வைக்கிறான்.

சுகாசா வந்துவிடுகிறான். யுஸுரிஹாவைப் பிடித்துக்கொண்டு, கல்லை மனிதனாக்கும் திரவத்தின் செய்முறையைக் கேட்கிறான். அந்தச் செய்முறைதான் சென்கூவின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். அதைக் கொடுத்துவிட்டால் படையைத் திரட்டும் உரிமை முழுவதும் எதிரிக்குப் போய்விடும். கணக்கின்படி பார்த்தால் ஓர் உயிருக்கு ஈடாக மனித குலத்தின் எதிர்காலம். சென்கூ கொடுத்துவிடுகிறான். நைட்ரிக் அமிலமும் சாராயமும் என்று சொல்லிவிடுகிறான். பிறகு, அறிவியலைக் கைவிடுவதாக ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அதைச் சொல்லவில்லை. கழுத்தில் அடி வாங்கி விழுகிறான்.

நண்பிக்காகத் தன் ஆயுதத்தையும், பின்னால் வரப்போகும் மனிதர்களுக்காகத் தன் உயிரையும் கொடுத்தவனிடம் இதற்கு மேல் எந்தக் கருணை வளர வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? இதே காட்சியில் அவன் கண்ணீர் விட்டுக் கதறியிருந்தால், இதைத்தான் தொடரின் உச்சம் என்று நீங்கள் கொண்டாடியிருப்பீர்கள். அவன் சலிப்போடு காதைக் குடைந்துகொண்டு பேசுகிறவன் என்பதால் உங்கள் குறிப்பேட்டில் இது ஏறவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உயிர் மீண்டதும் சென்கூ தைஜூவையும் யுஸுரிஹாவையும் சுகாசாவின் கூட்டத்துக்குள் ஒற்றர்களாக அனுப்புகிறான். அங்கே யுஸுரிஹா என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது இரண்டாவது பருவத்தில்தான் தெரிகிறது. சுகாசா உடைத்துப் போட்ட சிலைகளின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இது யாருடைய விரல், இது யாருடைய தோள் என்று பொருத்தி, உருவங்களைத் திரும்ப உண்டாக்கிக்கொண்டிருந்தாள். கைவேலையில் தேர்ந்த அவளால் முடியும் என்று தெரிந்து, பிரியும்போதே சென்கூ ஒப்படைத்த வேலை அது. ஒரு போருக்கான ஏற்பாட்டில், இறந்தவர்கள் என்று எல்லோரும் கைவிட்டவர்களுக்காக ஒரு தனி வேலையை ஒதுக்கியிருக்கிறான். கிராமத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அந்தக் கிராமத்து கோஹாகுவையோ குரோமையோ ரூரியையோ சந்திப்பதற்கு முன்பே! கிராமம்தான் அவனை இளக்கியது என்பவர்கள் இதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.

சரி, கிராமத்துக்கே வருவோம். நீங்கள் அதிகம் எழுதுவது ரூரியின் நோயைப் பற்றித்தான். கிராமத்து ஆள்பலம் வேண்டும். அதற்கு அங்கே பூசாரியாக இருக்கும் ரூரியின் நோயைத் தீர்க்க வேண்டும். ஆகவே மருந்து செய்தான். கதை வெளியில் தருகிற காரணம் இதுதான். ஆனால் எந்த மருந்து, எப்படிச் செய்தான் என்று பாருங்கள். பெனிசிலினை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. சரியான பூஞ்சை கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒரு பெண்ணின் உயிரை அதிர்ஷ்டத்தின் கையில் விட அவன் தயாராக இல்லை. படிப்படியாகப் போனால் கட்டாயம் வந்து சேரும் சல்ஃபா மருந்தை எடுத்துக்கொள்கிறான். அந்தப் பாதை நீளமானது. இரும்பு வேண்டும், மின்சாரம் வேண்டும், கண்ணாடி வேண்டும், கந்தக அமிலம் வேண்டும். கந்தக அமிலம் இருக்கும் இடத்தில் மூச்சுவிட்டாலே ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. வெள்ளி பூசிய ஈட்டி முனை கறுத்தால் வாயு வருகிறது என்று பொருள்.

அந்தக் கந்தக அமில ஏரிக்குப் புறப்படுவதற்கு முன்பு சென்கூ செய்தது ஒன்று உண்டு. மருந்துக்கான முழுச் செய்முறையையும், தனக்குத் தெரிந்த வேதியியலையும் இரவு முழுக்க குரோமுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். தான் செத்துப்போனாலும் மருந்து நின்றுவிடக் கூடாது. ஆள்பலம் மட்டுமே நோக்கம் என்றால், தான் செத்த பிறகு அந்த ஆள்பலத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்யப் போகிறான்? தான் இல்லாத உலகத்திலும் ரூரி பிழைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அந்த நச்சுப் பள்ளத்தில் இறங்குகிறான்.

அந்த மருந்தின் உண்மை வரலாறும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் முதல் சல்ஃபா மருந்தான பிரான்டோசிலை எலிகளில் சோதித்து 1935இல் முடிவுகளை வெளியிட்டார். தொற்றினால் தன் மகள் கையையே இழக்கும் நிலைக்கு வந்தபோது அதே மருந்தைத்தான் அவளுக்கும் கொடுத்தார். 1939இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. நாஜி அரசு அதை ஏற்கவிடவில்லை. எலிகளை எண்ணி, அளவுகளைக் குறித்து, பட்டியல் போட்டுக்கொண்டிருந்த அந்த மனிதர் எந்த ஆண்டிலிருந்து இரக்கமுள்ளவரானார் என்று யாரும் கேட்பதில்லை. பட்டியல் போட்டதே இரக்கம்தான்.

கிராமத்துக் காட்சிகளில் என் மனத்தை விட்டு அகலாதது சுய்காவின் கண்ணாடி. தர்பூசணி ஓட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு உருண்டு திரியும் சின்னப் பெண். கிட்டப்பார்வைக் குறைபாடு. ஓட்டில் இருக்கும் துளை வழியாகப் பார்த்தால் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது என்பதால்தான் அதை மாட்டியிருக்கிறாள். கிராமத்தில் யாருக்கும் இதற்குப் பெயரும் தெரியாது, தீர்வும் தெரியாது. பயனில்லாதவள் என்று தன்னையே நினைத்துக்கொண்டு, யாருக்காவது உதவ முடியுமா என்று எல்லோர் பின்னாலும் ஓடுகிறாள். சென்கூ கண்ணாடி செய்யக் கற்றதும், வேதியியலுக்கு வேண்டிய குடுவைகளும் குழாய்களும் வரிசையில் காத்திருக்க, ஒரு சிறுமியின் கண்ணுக்கு வில்லை தேய்க்கிறான். அது அந்தத் தர்பூசணி ஓட்டிலேயே பொருந்துகிறது. வாழ்நாளில் முதல்முறையாகப் பூக்களைப் பூக்களாகப் பார்க்கிறாள் அவள்.

அப்போது சென்கூவின் முகத்தைப் பாருங்கள். பெரிய உரை எதுவும் இல்லை. கட்டித் தழுவவும் இல்லை. நன்றியை வாங்கிக்கொள்ள நிற்பதும் இல்லை. அடுத்த வேலைக்குப் போய்விடுகிறான். கொடுத்ததை நினைவுபடுத்தாமல் கொடுப்பதை நம் பெரியவர்கள் எவ்வளவு உயர்வாகச் சொல்லியிருக்கிறார்கள்! அதை ஒருவன் செய்து காட்டும்போது, உணர்ச்சியில்லாதவன் என்று எழுதுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இங்கே உங்கள் தரப்பின் வலுவான வாதத்தையும் நான் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். யாரை முதலில் எழுப்புவது என்ற முடிவை அவன் எப்போதும் பயன்பாட்டை வைத்தே எடுக்கிறான். கப்பல் வேண்டும் என்றால் மாலுமி ரியூசுய். சண்டை வந்தால் வீரன். துரோகம் செய்து சிறையில் கிடக்கும் ஹியோகாவைக்கூட வேண்டும்போது வெளியே எடுக்கிறான். ஒரு தாயையோ குழந்தையையோ முதலில் எழுப்பாதவனுக்கு எங்கே இருக்கிறது இரக்கம் என்று கேட்கிறீர்கள்.

கேள்வி நியாயமானது. ஆனால் திரவம் எவ்வளவு இருந்தது? குகையில் வௌவால் எச்சத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடியும் நைட்ரிக் அமிலம்தான் முதலீடு. ஒரு கோப்பை நிரம்பவே நாளாகும். இந்த நிலையில், அடுத்த கோப்பையை விரைவாக நிரப்ப யாரால் முடியுமோ அவரை முன்னால் எழுப்புவதுதான் கடைசியில் நிற்பவருக்குச் செய்யும் நன்மை. விபத்து நடந்த இடத்துக்கு வரும் மருத்துவர் யாரை முதலில் தொடுவது என்று கண நேரத்தில் முடிவெடுக்கிறார். அவரை நாம் கல்நெஞ்சர் என்பதில்லை. வரிசையில் முன்னால் நிற்பவர் மதிப்பில் உயர்ந்தவர் என்று சென்கூ ஒரு முறையாவது சொல்லியிருக்கிறானா? சுகாசாதான் சொன்னான். வரிசை போடுவதற்கும் வடிகட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இந்தத் தொடரின் முதுகெலும்பு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் தொடர் முழுவதுமே தவறாகத்தான் தெரியும்.

அந்தத் தட்டுப்பாடு தீர்ந்த விதம் நினைவிருக்கிறதா? வளர்ப்புத் தந்தை பியாகுயா. விண்வெளி நிலையத்தில் இருந்ததால் கல்லாகாமல் தப்பி, பூமிக்குத் திரும்பி, ஆயிரமாயிரம் ஆண்டுகள் கழித்து மகன் விழிப்பான் என்ற நம்பிக்கையில், ஆயுள் முழுக்க ஆற்று மணலைச் சலித்துப் பிளாட்டினத் துணுக்குகளைச் சேர்த்து வைத்துவிட்டுப் போகிறார். பிளாட்டினம் இருந்தால் அமோனியாவிலிருந்து நைட்ரிக் அமிலம் வேண்டிய மட்டும் செய்யலாம்; எல்லோரையும் எழுப்பலாம். மகன் சிறுவனாக இருந்தபோது அவனுடைய ஆராய்ச்சிக் கருவிகளுக்காகத் தன் காரை விற்ற மனிதர் இவர். அன்பு என்பது உட்கார்ந்து வேலை செய்வது என்று அந்த வீட்டில் சென்கூ சிறு வயதிலேயே பார்த்திருக்கிறான். அவனுடைய கருணை எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்கள் கிராமத்தில் தேடுவதை விட்டு அந்த வீட்டில் தேடலாம்.

சுகாசாவுடனான போரிலும் அதே கதைதான். சுகாசாவின் படையில் இருந்த உக்யோ கட்சி மாறுவதற்கு வைத்த ஒரே நிபந்தனை, இரு பக்கத்திலும் ஒருவர்கூடச் சாகக் கூடாது என்பது. போர்க்களத்தில் இப்படி ஒரு நிபந்தனையைக் கேட்டால் எந்தத் தளபதியும் சிரிப்பான். சென்கூ தயங்காமல் சரி என்கிறான். அவன் போட்டு வைத்திருந்த திட்டமே அதுதான். போர் நின்ற பிறகு, தன் கழுத்தை உடைத்தவனின் தங்கை மிராயை எழுப்புகிறான். ஹியோகாவின் ஈட்டி சுகாசாவைத் துளைத்ததும், அவனைக் காப்பாற்ற ஒரு குளிர்ப்பெட்டியைச் செய்கிறான். எழுந்து வரும் காலம் வரை உறைய வைக்க வேண்டும். அதாவது இப்போது தன் கையாலேயே அவன் மூச்சை நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் சென்கூ பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறான். பேச்சில் காரியம் ஒன்றும் இல்லை. வேறு சூழலில் சந்தித்திருந்தால் என்பது போன்ற பேச்சு. வெட்டிப் பேச்சே பேசாதவன் அன்றைக்குப் பேசுகிறான்.

நீங்கள் இந்தக் காட்சியைத்தான் திருப்புமுனை என்று குறிக்கிறீர்கள். எனக்கு இது திருப்புமுனையாகத் தெரியவில்லை. கையில் செய்வதற்கு வேலை ஏதும் மிச்சமில்லாத அரிய தருணம் இது. குளிர்ப்பெட்டி செய்தாயிற்று, இனிக் காத்திருக்க மட்டுமே வேண்டும். வேலை இருந்த இடத்திலெல்லாம் வேலையாக வெளிப்பட்ட அதே அன்பு, வேலை தீர்ந்த இடத்தில் பேச்சாக வருகிறது. அளவு மாறவில்லை.

அப்படியானால் இந்த நாயகனிடம் எதுவுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது. அதை நீங்கள் எழுதாமல் விடுவதுதான் எனக்குப் பெரிய குறை. தொடக்கத்தில் எல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. செய்முறையைச் சுகாசாவிடம் சொன்னதற்கு முன்னால் அது வேறு யாரிடமும் முழுமையாக இல்லை. பின்பு குரோமுக்கு ஓர் இரவில் கைமாறுகிறது. கண்ணாடி விஷயத்தில் கசேகிக் கிழவரின் கை தன் கையைவிடச் சிறந்தது என்று ஒதுங்கிக்கொள்கிறான். ஆட்களின் மனத்தைப் படிப்பதைக் கென்னிடம் விட்டுவிடுகிறான். கடலை ரியூசுயிடம். நம்புவது என்பதை அவன் கற்றுக்கொண்டே வருகிறான். காப்பாற்ற வேண்டியவர்களாக இருந்தவர்கள் உடன் உழைப்பவர்களாக ஆகிறார்கள்.

இதன் உச்சம் தென் அமெரிக்காவில் வருகிறது. எதிரணியின் ஸ்டான்லியின் படை சுடச் சுட, தோழர்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். கல்லானால் காயம் ஆறும் என்பது தெரிந்ததால் உலகம் முழுவதையும் மறுபடி கல்லாக்கிவிடும் முடிவை எடுக்கிறான் சென்கூ. விழிப்பது சுய்கா மட்டும். அந்தச் சின்னப் பெண் பல ஆண்டுகள் தனியாக இருந்து, தோற்றுத் தோற்று, திரவத்தைச் செய்து அவனை எழுப்புகிறாள். ஒரு குழந்தையின் மேல் இவ்வளவு பாரமா என்று எனக்கு நெஞ்சு பதறியது. இன்றும் அந்தப் பகுதியை நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவளால் அதைச் செய்ய முடிந்தது. அவனோடு இருந்த காலமெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றிருந்தாள். யாருக்கும் பயனில்லாதவள் என்று தன்னை நினைத்த அதே பெண், அவன் பொருத்திக் கொடுத்த வில்லை வழியாகவே பார்த்து, அவனையே மீட்கிறாள். வளர்ச்சியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் இதை எழுதுங்கள். கருணை கூடிய கதையை விட்டுவிட்டு, அறிவு ஒருவன் தலையிலிருந்து எல்லோர் கைக்கும் போன கதையை எழுதுங்கள்.

தன்னைச் சுட்டு வீழ்த்திய ஸ்டான்லியையும் எதிரணி விஞ்ஞானி ஸெனோவையும் கடைசியில் தன்னோடு சேர்த்துக்கொண்டு ராக்கெட் வேலையில் இறங்குவதைப் பெரும் மன்னிப்பாக எழுதியிருக்கிறீர்கள். எழுநூறு கோடியும் என்று முதல் நாளே சொன்னவனுக்கு அதில் இவர்களும் அடக்கம். புதிதாக மன்னிக்க ஒன்றுமில்லை.

இவ்வளவு அழுத்தமாக ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பொம்மைப் படத்துப் பாத்திரத்துக்கு ஏன் இவ்வளவு வாதாட வேண்டும்? ஏனென்றால் அவனைப் போன்றவர்கள் நம் எல்லோருடைய வீட்டிலும் இருக்கிறார்கள். அன்பைச் சொல்லத் தெரியாதவர்கள். உடம்பு சரியில்லை என்றால் ஆறுதல் கூறாமல் மருந்தை எடுத்து வைப்பவர்கள். அழுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து அழத் தெரியாமல், ஒழுகும் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போகிறவர்கள். இவர்களுக்கு மனமே இல்லை என்று சிறு வயதிலிருந்து சொல்லிச் சொல்லி, அவர்களே அதை நம்பிவிடுகிறார்கள். இந்தத் தொடரைப் பார்க்கும் பதின்ம வயதினரில் அப்படிப்பட்ட பிள்ளைகள் ஏராளமாக இருப்பார்கள். அறிவியல் பிடித்தவர்கள், கூச்சமுள்ளவர்கள், உணர்ச்சியைச் சொல்லில் வைக்க வராதவர்கள். தங்களைப் போன்ற ஒருவன் நாயகனாக நிற்பதை அவர்கள் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் நீங்கள் வந்து, அவன் முன்பு குறையுள்ளவனாக இருந்தான், பிறகுதான் சரியானான் என்று எழுதினால், அந்தப் பிள்ளைகள் தங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வார்கள்?

ஆகவே ஒரு வேண்டுகோள். சென்கூவைப் பற்றி மறுபடி எழுத உட்காரும் முன்பு, ஹகோனேக் காட்சியையும் சுய்காவின் கண்ணாடிக் காட்சியையும் ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அவன் வாய் என்ன சொல்கிறது என்பதை விட்டுவிட்டு, கை என்ன செய்கிறது, யாருக்காகச் செய்கிறது, அதற்கு எதை விட்டுக்கொடுக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் இவன் காலப்போக்கில்தான் கருணையுள்ளவன் ஆனான் என்று உங்களுக்குத் தோன்றினால், எந்தக் காட்சிக்கு முன்னால் அவனிடம் அது இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். கட்டாயம் வாசிப்பேன், பதிலும் எழுதுவேன்.

இப்படிக்கு,
உங்கள் எழுத்தைத் தொடர்ந்து வாசிக்கும் ஒரு வாசகி